வடித்த நீர் எங்கே போகிறது?



காஞ்சிபுரத்துச் சாயக்காரர் பட்டு நூலை வேகவைத்துப் பசை நீக்கிய பிறகே சாயத்தில் தோய்ப்பார். பசையின்மேல் சாயம் செவ்வையாய் ஏறாதென்று அவர் அறிவார். மோட்டார் வண்டி வைத்திருக்கும் நீங்களும் பழைய கூலன்டின்மேல் புதியதை ஊற்றித் திருப்தியடையலாகாது. அதிலுள்ள துருத்தடுப்பு மருந்து நாளடைவில் வலுவிழக்கும்; பின்பு ரேடியேட்டரில் துருவும் கசடும் படியும்.

எஞ்சின் நன்றாய் ஆறுமுன் மூடியைத் திறவாதீர்கள். கொதிநீர் பீறிட்டுச் சுட்டுவிடும். ஆறியபின் பழையதை வடித்து, சுத்தமான தண்ணீர் நிரப்பி, சற்று நேரம் எஞ்சினை ஓட்டி, மறுபடி ஆறவிட்டு வடியுங்கள். தெளிந்த நீர் வருமட்டும் இப்படியே செய்து, வண்டிக்கு ஏற்ற புதுக் கூலன்டை ஊற்றுங்கள்.

ஆனால் வடித்ததை எங்கே கொட்டினீர்கள்? பெரும்பாலான கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் தித்திக்கும் நஞ்சு. தெருவில் தேங்கினால் நாயும் பசுவும் நக்கும். சிறு குழந்தையும் வாயில் வைக்கக்கூடும். சாக்கடையில் விட்டால் வேகவதி ஆறு கெடும். ஆகையால் மூடியுள்ள கேனில் அடைத்து, பிள்ளைகளுக்கு எட்டாமல் வைத்து, கழிவெண்ணெய் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கேட்டு ஒப்படையுங்கள்.

நம் அழுக்கைப் பிறர் வாசலில் தள்ளுவது சுத்தமாகாது. பாவசங்கீர்த்தனம் செய்பவன், தான் பிறருக்கு விளைத்த நஷ்டத்தையும் ஈடு செய்யக் கடமைப்பட்டவன் அல்லவா? நஷ்டம் விளையுமுன்னே தடுப்பது அதிலும் மேலான பிறர் சிநேகம்.