காவடி தூக்கியவருக்குப் படி எப்படித் தெரியும்?

"போன ஆடிக்கி இம்மாம் செங்குத்தா இல்லியேடா!" திருத்தணிப் படிக்கட்டின் அடியில் நின்று ஓர் அம்மா சொன்னார். "அதே படிதாம்மா" என்றான் மகன். சொல்லிவிட்டு அவர் கையிலிருந்த தேங்காய்ப் பையை வாங்கிக்கொண்டான்.

அதே 365 படிதான், நாளுக்கு ஒன்றென்று ஊரார் கணக்கு. கல் ஒரு வருஷத்தில் நிமிர்ந்துவிடாது. ஆனாலும் அந்த அம்மா கண்ணில் பட்டதைத்தான் சொன்னாரா, கையில் இருந்த பை சொல்ல வைத்ததா?

அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் டென்னிஸ் பிராஃபிட் கிட்டத்தட்ட இதே கேள்வியோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டியவர். 5 டிகிரி மேட்டை அடியில் நின்று பார்ப்பவர்கள் 20 டிகிரி என்கிறார்கள் என்று 1995இல் அவரது குழு எழுதியது. 1999இல் முக்தி பல்லாவும் அவரும் முதுகில் கனமான பையை மாட்டிவிட்டுக் கேட்டார்கள். மேடு இன்னும் செங்குத்தானது. களைத்தவர்களுக்கும் வயதானவர்களுக்கும் அப்படியே.

அப்படியானால் ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுப்பவருக்கு? தோளில் பாரம், வயிற்றில் விரதம், காலடியில் சுடுகிற கல். கணக்குப்படி படிக்கட்டு சுவராக எழுந்து நிற்க வேண்டும். அவரோ அரோகரா போட்டு ஆடிக்கொண்டே ஏறுகிறார். நிறுத்திக் கோணம் கேட்க யாருக்கு மனசு வரும்?

சின்ன வயசில் நகரியிலிருந்து அப்பாவோடு வந்தபோது மலை குட்டியாக இருந்தது என்றும் அந்த அம்மா சொன்னார். பால்யத்தில் பார்த்த ஊர்க்குளம் வளர்ந்த பின் சுருங்கிப்போகும் என்பார்கள், இவருக்கு நேர்மாறு. அப்பா பக்கத்தில் இருந்த தெம்போ என்னவோ. நண்பர் கூட நின்றால் மேடு சற்றுத் தாழ்கிறது, நட்பு பழசானால் இன்னும் தாழ்கிறது என்று 2008இல் சிமோன் ஷ்னால் குழு எழுதியிருக்கிறது.

மறுபடி அந்த ஆய்வில் மாட்டிய பைதான் உறுத்துகிறது. அது எதற்கென்று ஊகித்து, கேட்பவருக்குப் பிடித்த பதிலைச் சொல்லிவிடுகிறார்களோ என்று ஆய்வாளர் ஃபிராங்க் டர்ஜினுக்குச் சந்தேகம். தசையை அளக்கும் கருவி உள்ளே இருக்கிறது என்று சாக்குச் சொல்லி மாட்டினார். பாரம் அப்படியே இருந்தது, சரிவு கூடவில்லை. 2009இல் வந்த ஆய்வு அது. அவர் காட்டியது குட்டிச் சாய்தளம், ஏறிக் களைக்கும் மேடல்ல என்றார் பிராஃபிட். நியாயமான பதில்தான்; சந்தேகம் மட்டும் தீரவில்லை.

டிசம்பர் 31 அன்று இங்கே படித் திருவிழா, வள்ளிமலை சுவாமிகள் தொடங்கி வைத்தது. படிக்குப் படி மஞ்சள், குங்குமம், கற்பூரம், ஒரு திருப்புகழ். அன்றைக்கு ஏறுபவர்களுக்கு மலை தாழ்கிறதா, இல்லை அடுத்த படியைத் தவிர எதையும் அவர்கள் பார்ப்பதே இல்லையா? இரண்டாவது என்றால் மாறியது கவனம்தான், காட்சி அல்ல என்று 2016இல் வாதாடிய ஆய்வாளர்கள் ஃபயர்ஸ்டோன், ஷோல் பக்கம் சாய வேண்டும். பாதிப் படியில் கேட்டால் ஒன்று சொல்வார்கள், உச்சியில் கேட்டால் வேறொன்று சொல்வார்கள்; எதைக் கண்ணின் கணக்கில் எழுதுவது என்று தெரியவில்லை.