விருந்தும் ஈகையும்

அறப்பணிக்கு நிதி திரட்டும்பொருட்டு விருந்தும் இசையும் நடனமும் ஏற்பாடு செய்து நுழைவுச் சீட்டு விற்கும் வழக்கம் மேலை நாடுகளில் நெடுநாளாக உண்டு. நம் நகரங்களிலும் அது வேரூன்றி வருகின்றது. வயிறார உண்டு, செவியாரக் கேட்டு, அதற்கெனக் கொடுத்த பணத்தை ஈகை என்று சொல்லலாமா? இவ்வினாவைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

மதுரைக்கு இது புதிய வினா அன்று. 1916இல் இந்நகரில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி, 1944இல் கஸ்தூரிபா நினைவு நிதிக்காகப் பாடினார். அதன் பின்னரும் பற்பல நற்பணிகளுக்குத் தம் கச்சேரி வருவாயை வழங்கினார். 1974இல் அவருக்குக் கிடைத்த மகசேசே விருது பொதுத்தொண்டுக்கென அளிக்கப்பட்டதாகும். அக்கச்சேரிகளில் சீட்டு வாங்கியவர் தம் காசுக்கு ஈடாக இசையைப் பெற்றுக்கொண்டார். பாடியவரோ தமக்குரிய ஊதியத்தை விட்டுக்கொடுத்தார். ஆகவே அவ்வரங்கில் ஈந்தவர் யாவர் எனின், முதற்கண் பாடியவரே. எவர் எதை இழந்தார் என்று கேட்டால் ஈகை எங்கே இருக்கிறது என்பது புலப்படும்.

இனி, நம் நாட்டுப்புறத்து மொய்யை நோக்குவோம். உசிலம்பட்டிப் பக்கத்துக் காதணி விழாவில் மொய் நோட்டு இல்லாத பந்தலைக் காண்பது அரிது. பேராவூரணி, கீரமங்கலம் பகுதிகளில் ஆடி மாதத்து மொய் விருந்து தனி விழாவாகவே நடைபெறுகின்றது. உண்டவர் எழுதும் தொகை பின்னாளில் திருப்பிச் செலுத்த வேண்டிய கடன். வள்ளுவர் ஈகை அதிகாரத்தின் தொடக்கத்திலேயே வறியவர்க்குக் கொடுப்பதையும் குறியெதிர்ப்பையையும் வேறு பிரித்துவிட்டார். மொய் குறியெதிர்ப்பையே. அதில் இழிவு ஒன்றும் இல்லை. ஒருவர்க்கொருவர் தோள் கொடுக்கும் ஏற்பாடு அது. எனினும், 2018இல் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது புதுக்கோட்டை மாவட்டத்துத் தேநீர்க் கடைக்காரர் ஒருவர் அம்மக்களின் துயர் துடைக்க மொய் விருந்து நடத்தினார். அங்கே இட்ட மொய் இட்டவர்க்குத் திரும்பி வராது. திரும்பி வாராது என்று தெரிந்தே இட்டமையால், கடனாக இருந்த மொய் ஈகையாயிற்று.

ஆதலால் விருந்து ஈகைக்குப் பகை அன்று. ஆனால் அதனுள் மூன்று இடறுகற்கள் உள.

முதலாவது, செலவு. மேடை அலங்காரத்திற்கும் உணவுக்கும் போக எஞ்சியதே ஏழைக்கு என்றால், அவன் பெயரால் நாம் உண்டோம் என்பதே பொருள். விருந்துச் செலவை விருந்து வைப்போர் தம் கையிலிருந்து ஏற்றல் வேண்டும்.

இரண்டாவது, கணக்கு. 1971 ஆகஸ்ட் 1ஆம் நாள், வங்கதேச அகதிகளுக்காக ரவிசங்கரும் ஜார்ஜ் ஹாரிசனும் நியூயார்க்கில் இசைநிகழ்ச்சி நடத்தினர். நுழைவுச் சீட்டில் திரண்ட 2,43,000 டாலருக்கு மேற்பட்ட தொகை யுனிசெப் நிறுவனத்தைச் சேர்ந்தது. ஆயினும் இசைத்தட்டு விற்பனையில் வந்த பெரும்பணம், வரிவிலக்குக்கான ஏற்பாட்டை முன்கூட்டியே செய்யாமையால் ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. நல்ல நோக்கமும் பசித்தவன் கைக்குக் காலத்தில் போய்ச் சேர்ந்தால்தானே பயன்?

மூன்றாவது, பெறுபவரின் மானம். இதுவே யாவற்றினும் பெரிது. ஏழை மாணவனை மேடையேற்றி, நிழற்படக் கருவியின் முன் நிறுத்தி, காசோலையின் ஒரு முனையை அவனும் மறு முனையைக் கொடையாளரும் பிடித்திருக்கச் செய்கின்றனர். உண்டு மகிழ்ந்த அவை கைதட்டுகின்றது. அவன் தலை குனிகின்றது. பெற்ற தொகையைவிடக் கொடுத்த விலை மிகுதியன்றோ! வெளிப்படையாகக் கொடுப்பது நன்று, மறைவாக ஏழைக்குக் கொடுப்பது அதனினும் நன்று என்பது திருமறையின் கருத்து. கொடுக்கும் கூட்டம் வெளிப்படையாக இருக்கட்டும். அது பிறரைத் தூண்டும். பெறும் கை மறைவாக இருத்தல் வேண்டும்.

இது நடவாத காரியம் என்பார்க்கு மதுரையிலேயே விடை உண்டு. 1976இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், கட்டணம் செலுத்துவோரின் பணம் செலுத்த இயலாதோரின் சிகிச்சைக்கும் உதவுகின்றது. அங்கே ஒருவர் பார்வை பெறுவதற்கு மேடை ஏற வேண்டியதில்லை.

ஆகவே விருந்து வைப்போர் வைக்கட்டும், இசைப்போர் இசைக்கட்டும். செலவைத் தாம் ஏற்று, கணக்கை அவையறியச் சொல்லி, பெறுவோரை மேடைக்கு அழையாது விடுவாராயின், அவ்விருந்தை அறம் என்று அழைக்க நமக்குத் தயக்கமில்லை.