அந்த ஒரு ‘ம்ச்’

எடிட்டிங் திரையில் குரல் ஒரு பச்சைக் கோடாக ஓடும். பேசும் இடத்தில் மேடும் பள்ளமும், பேசாத இடத்தில் வெறும் கோடு. தங்கச்சி மகன் கொண்டுவந்த பதிவில் அப்படியொரு வெறும் கோடு நான்கு விநாடிக்கு நீள்கிறது. அதன் கடைசியில் கடுகளவு ஒரு புடைப்பு. ஒலியைக் கூட்டிக் கேட்டேன். ‘ம்ச்’ என்று உச்சுக் கொட்டியிருக்கிறான். உடனே ‘கால்’ என்கிறான்.

“அது ஒண்ணுமில்ல மாமா, வெட்டிருங்க.”

வெட்டுவதுதான் என் தொழில். செலாயாங் பாருவில் ஒரு கடைவீட்டு மாடியில் கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைக்கிறவன். தாலி கட்டும் நேரத்தில் கொட்டாவி விட்ட மாப்பிள்ளையின் அண்ணன், மொய்க் கவரைப் பிரித்துப் பார்த்த சித்தப்பா என்று எத்தனையோ பேரை வெட்டித் தூக்கியிருக்கிறேன். இதை வெட்டத்தான் கை போகவில்லை.

மருமகன் செய்வது போக்கர் பாடம். ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொண்டு, இந்த இடத்தில் நான் என்ன நினைத்தேன், ஏன் இப்படி ஆடினேன் என்று தமிழில் சொல்லித்தரும் வீடியோக்கள். காசு வைத்து ஆடுவதில்லை. நண்பர்கள் நாலைந்து பேர், பிளாஸ்டிக் சில்லுகள், அவ்வளவுதான். மலேசியாவில் பொதுச் சூதாட்ட விடுதிகள் சட்டம் 1953இலிருந்து இருக்கிறது. உரிமம் உள்ள காசினோ ஒன்றே ஒன்று, கெந்திங் மலை உச்சியில். அங்கேயும் இருபத்தொரு வயது ஆகியிருக்க வேண்டும், முஸ்லிம்களுக்கு அனுமதி இல்லை. தங்கச்சிக்கு இந்தச் சில்லுக் கதையெல்லாம் எடுபடாது. “ஊர்ல புள்ளைங்க எஸ்.பி.எம். பரீட்சைக்கு டியூஷன் எடுக்குதுங்க, இவன் சூதாட்டத்துக்கு எடுக்கறான்.” அவன் பால் புவாவை இழுப்பான். மீரியில் பிறந்த பால் புவாவும் ரிச்சர்ட் யோங்கும் 2016இல் தொடங்கிய டிரைடன் போட்டித் தொடரை உலகமே பார்க்கிறது, அவர்களும் மலேசியாக்காரர்கள்தானே என்பான். அவள் பதில் சொல்லாமல் சோற்றுத்தட்டைக் கொஞ்சம் சத்தமாக வைப்பாள்.

அந்த ஆட்டம் இதுதான். ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக, நடுவில் ஐந்து சீட்டு எல்லாருக்கும் பொதுவாக. மருமகன் கையில் ஆட்டின் ஒன்பதும் டைமண்ட் ஒன்பதும். நடுவில் இஸ்பேட் ராணி, இஸ்பேட் எட்டு, ஆட்டின் மூன்று, டைமண்ட் ஐந்து, கடைசியாக விழுந்தது கிளாவர் இரண்டு. நடுவில் குவிந்த பந்தயத்தில், அதாவது பாட்-இல், நூறு சில்லு. எதிராளி இன்னொரு நூறை முன்னே தள்ளுகிறான். அவனிடம் ஒரு ராணி இருந்தாலே மருமகன் காலி. இல்லை, ஐந்து இஸ்பேட் சேரும் என்று காத்திருந்து சேராமல் போனவன் என்றால் அந்த நூறு வெறும் மிரட்டல், பிளஃப். மருமகனும் நூறு வைத்தால் அது கால், சீட்டைக் கீழே போட்டுவிட்டால் ஃபோல்டு.

நான்கு விநாடி. ‘ம்ச்’. கால். எதிராளி விரித்துக் காட்டியது இஸ்பேட் ஜாக்கியும் இஸ்பேட் பத்தும். மருமகன் ஜெயித்துவிட்டான்.

பிறகு தனியாக உட்கார்ந்து பேசிய விளக்கத்தில் மூன்று காரணம் சொல்கிறான். நூறு போட்டால் இருநூறு கிடைக்கும், ஆகவே மூன்று தடவையில் ஒரு தடவை என் கணிப்பு சரியாக இருந்தாலே நட்டமில்லை. இரண்டாவது, மூன்றாம் இஸ்பேட் வரவே இல்லை. மூன்றாவது, என் கையில் இஸ்பேட் ஒன்றுகூட இல்லை, ஆகவே அவன் கையில் இஸ்பேட் இருக்க வாய்ப்பு கூடுதல். கணக்கு தப்பில்லை, நான் போட்டுப் பார்த்தேன். ஆனால் இந்த மூன்றும் எதிராளி சில்லைத் தள்ளி முடித்தபோதே அவனுக்குத் தெரிந்துவிட்டவை. பழகிய ஆட்டக்காரனுக்கு அரை விநாடி போதும். மீதி மூன்றரை விநாடி அவன் என்ன செய்துகொண்டிருந்தான்?

நான் வளர்ந்தது ரவாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். சாவு விழுந்த வீட்டில் ராத்திரி விழித்திருக்க வேண்டுமே, அதற்குச் சீட்டுக்கட்டு வரும். லயத்துக்கு முன்னால் சாக்கை விரித்து, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் ரம்மி. பொடியன்கள் ஆடக்கூடாது, பின்னால் நின்று பார்க்கலாம். வாய் திறந்தால் உதை. நான் எப்போதும் தோட்டத்து லோரி ஓட்டிய அண்ணன் ஒருவரின் முதுகுக்குப் பின்னால்தான் நிற்பேன். அவருடைய பதிமூன்று சீட்டும் எனக்குத் தெரியும். கழிக்க வேண்டிய நேரத்தில் அவர் விரல் ஒரு சீட்டின்மேல் போகும், அதன் மூலையைத் தொடும், திரும்பி வரும், வேறொன்றை எடுத்துப் போடும். ஆட்டம் முடிந்ததும் யாராவது கேட்பார்கள். “ஏண்ணே கிளாவர் ஏழைக் கழிச்சீங்க?” அவர் உடனே ஒரு காரணம் சொல்வார். மறுநாள் காலையில் ஒட்டுக்கடையில் அதே ஏழு வேறொரு காரணத்தோடு வரும். அடக்கம் முடிந்து எட்டாம் நாளுக்குள் அந்த ஏழு பெரிய ராஜதந்திரமாகியிருக்கும். எந்தக் கதையிலும் விரல் முதலில் வேறு சீட்டுக்குப் போனது வராது. அவர் பொய் சொன்னதாக எனக்கு அப்போதும் தோன்றவில்லை, இப்போதும் தோன்றவில்லை. அந்த விரலைப் பார்த்தவன் நான். அவர் பார்க்கவில்லை.

முதுகுக்குப் பின்னால் நிற்கும் அந்த இடத்தை உலகத்துக்கெல்லாம் கொடுத்தது தொலைக்காட்சி. 1999இல் பிரிட்டனின் சேனல் 4இல் வந்த போக்கர் நிகழ்ச்சியில் மேசை விளிம்பில் கண்ணாடி பதித்து, அடியில் கேமரா வைத்து, மறைந்திருக்கும் சீட்டுகளைக் காட்டினார்கள். அதுவரை மணிக்கணக்கில் ஆட்கள் முறைத்துக்கொண்டிருப்பதை யார் உட்கார்ந்து பார்ப்பது? சீட்டு தெரிந்ததும் பார்க்கிறவர்களுக்கு அடுத்த ஆசை வந்துவிட்டது. சீட்டைக் காட்டினாய், சரி, மண்டைக்குள் ஓடியதையும் காட்டு. மருமகனின் பிழைப்பு அந்த ஆசையிலிருந்து வருகிறது. ஆனால் அங்கே கண்ணாடி பதிக்க வழியில்லை. அவன் வாயால் சொல்வதை நம்ப வேண்டியதுதான்.

எங்கோ படித்த ஒரு சோதனை நினைவுக்கு வருகிறது. நிஸ்பெட், வில்சன் என்று இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1977இல் எழுதியது. கடைக்கு வந்தவர்கள் முன்னால் நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று கேட்டிருக்கிறார்கள். நான்கும் அச்சு அசலாக ஒன்றே. ஆனால் வலது ஓரத்தில் இருந்ததை நூற்றுக்கு நாற்பது பேர் எடுத்தார்கள், இடது ஓரத்தில் இருந்ததை எடுத்தது பன்னிரண்டு பேர். ஏன் என்று கேட்டால் நெசவு, மென்மை, பின்னல் என்று காரணம் வந்தது. வலப்பக்கம் இருந்ததால் எடுத்தேன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. இருந்த இடத்தால் எடுத்திருப்பீர்களோ என்று கேட்டதற்கு, பைத்தியமா என்பதுபோல் பார்த்திருக்கிறார்கள்.

இதைப் படித்த கையோடு, காரணம் சொல்வதெல்லாம் பின்னால் கோத்த பூமாலை என்று முடித்துவிடத் தோன்றும். அப்படி முடித்துவிட முடியாமல் டாயில் பிரன்சன் குறுக்கே வருகிறார். 1976, 1977 இரண்டு வருடமும் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் ஜெயித்தவர். இரண்டு வருடமும் கடைசி ஆட்டத்தில் அவர் கையில் இருந்தது பத்தும் இரண்டும். பொதுவாகத் தூக்கி எறிய வேண்டிய சீட்டு, இன்று அந்த ஜோடிக்கு அவர் பெயர்தான். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் தன் ஆட்டமுறையை விலாவாரியாகப் புத்தகமாக எழுதினார், பிறகு எழுதியதற்கு வருத்தப்பட்டார். படித்தவர்கள் அவர் முறையைக் கற்றுக்கொண்டு வந்து அவரோடேயே ஆடினார்களாம். அவர் சொன்ன காரணங்கள் வெறும் பூமாலை என்றால் எதிராளிகளுக்கு அவை எப்படி உதவின? எதுவோ ஒன்று கைமாறியிருக்கிறது.

சரி, பின்னால் சொல்வதுதானே சிக்கல், ஆடும்போதே பேசினால்? ஹாலந்தில் டி க்ரூட் என்பவர் சதுரங்க மேதைகளிடம் இதைத்தான் செய்தார். பலகையை முன்னால் வைத்து, யோசிப்பதை யோசிக்கும்போதே வாய்விட்டுச் சொல்லுங்கள் என்றார். அலெக்கைன், யூவே போன்ற உலகச் சாம்பியன்களும் உட்கார்ந்து பேசினார்கள். 1946இல் அதை ஆய்வேடாக வெளியிட்டார். மேதைகள் மற்றவர்களைவிட வெகுதூரம் கணக்குப் போடுவார்கள் என்றுதானே நினைப்போம்? அப்படிப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அவர்களுக்கு நல்ல காய்நகர்த்தல் எடுத்த எடுப்பிலேயே கண்ணில் பட்டுவிடுகிறது. எப்படிப் பட்டது என்பதுதான் அந்தப் பேச்சில் இல்லை.

மருமகனையும் அப்படிப் பேசவைத்துப் பார்த்தேன். வாய் ஓடிக்கொண்டே ஆடினான். நிதானமாக, பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரி. பச்சைக் கோட்டில் ஓர் இடைவெளிகூட இல்லை. அந்தச் சாயங்காலம் அவனிடமிருந்து ‘ம்ச்’ வரவே இல்லை. முடிந்ததும் சில்லுகளை அடுக்கிக்கொண்டே, “பேசிக்கிட்டே ஆடுனா இது வேற யாரோ ஆடற மாதிரி இருக்கு மாமா” என்றான்.

பிறகு அவனே ஒன்று காட்டினான். அந்த ஒன்பது ஜோடி ஆட்டத்தை சால்வர் என்கிற மென்பொருளில் போட்டிருந்தான். இரு பக்கமும் துளி பிசகாமல் ஆடினால் எப்படி ஆடுவார்கள் என்று கணக்கிட்டுச் சொல்லும் மென்பொருள் அது. சில நேரம் கால், சில நேரம் ஃபோல்டு என்று கலந்து வந்திருந்தது. ஒரே சீட்டு, ஒரே நிலைமை, ஆனால் ஒரே பதில் இல்லை. “அப்ப எது சரி?” என்றேன். “ரெண்டும் ஒண்ணுதான் மாமா.”

எதிராளி பாட் அளவுக்குப் பந்தயம் கட்டும்போது மூன்றில் ஒரு பங்கு பிளஃபாக வைத்திருந்தால், நமக்குக் கால் பண்ணுவதும் விட்டுவிடுவதும் நீண்ட ஓட்டத்தில் ஒரே வரவு செலவு. இந்த வழியைத் திறந்துவிட்டவர்களில் ஒருவர் கணிதவியலாளர் ஜான் வான் நியூமன். 1928இல் ஒரு கட்டுரை, 1944இல் மார்கன்ஸ்டெர்னோடு சேர்ந்து ஒரு தடித்த புத்தகம், அதில் போக்கருக்கென்றே ஒரு பகுதி. நல்ல ஆட்டக்காரன் சில இடங்களில் தன் முடிவைத் தற்செயலிடம் விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் எதிராளி படித்துவிடுவான் என்பது அதன் சாரம். 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க் காசினோ ஒன்றில் லிப்ராடஸ் என்ற கணினி நிரல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 120,000 ஆட்டம் ஆடி அவர்களைத் தோற்கடித்தது. அது ஒரு தடவைகூடக் காரணம் சொல்லவில்லை. கேட்டிருந்தாலும் அதற்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

இதைக் கேட்டதிலிருந்து எனக்கு அந்தச் சத்தம் இன்னும் பெரிதாகிவிட்டது. மூன்று காரணமும் மருமகனை ஒரு வாசற்படி வரைக்கும் கொண்டுவந்து விட்டன. உள்ளே போவதும் திரும்பிப் போவதும் ஒன்றுதான் என்று கணக்கு கையை விரித்துவிட்டது. அங்கிருந்து அவனைத் தள்ளியது எது? சலிப்பா, எதிராளி மூச்சு விட்ட விதமா, அன்று காலையில் அம்மாவிடம் வாங்கிய திட்டா? ‘இந்த மூன்று காரணத்தால் கால் பண்ணினேன்’ என்று அவன் சொல்வதில் ‘இந்த மூன்று காரணம்’ உண்மை, ‘கால் பண்ணினேன்’ உண்மை. நடுவில் இருக்கும் ‘ஆல்’ தான் இடிக்கிறது.

சூதாட்டப் பாடத்துக்கு நம்மிடம் ஒரு பழைய கதை இருக்கிறது. மகாபாரதத்தில் வரும் நளன் கதை. சூதில் நாட்டைத் தோற்று, உருமாறி, மன்னன் இருதுபன்னனுக்குத் தேரோட்டியாக இருக்கிறான் நளன். வழியில் ஒரு தான்றி மரத்தைக் காட்டி, இதில் இத்தனை இலை, இத்தனை காய் என்று சொல்கிறான் இருதுபன்னன். நளன் நம்பவில்லை. தேரை நிறுத்தி, மரத்தையே வெட்டிப் போட்டு எண்ணிப் பார்க்கிறான். எண்ணிக்கை இம்மி பிசகவில்லை. உனக்குக் குதிரை வித்தையைத் தருகிறேன், எனக்கு இதைச் சொல்லிக்கொடு என்கிறான். இருதுபன்னன் சூதின் சூட்சுமத்தை அவனுக்குக் கொடுக்கிறான். அந்தக் காலத்தில் தான்றிக் காய்களையே சூதுக் காய்களாக உருட்டியிருக்கிறார்கள் என்பதால் மரமும் பொருத்தமானதுதான். தமிழ்ப்பள்ளியில் எங்கள் வாத்தியார் இந்தக் கதையைச் சொன்னபோது, அந்த சூட்சுமம் என்ன சார் என்று கேட்டேன். கதை அதைச் சொல்வதில்லை. கொடுத்தான், வாங்கிக்கொண்டான், அவனுக்குள் புகுந்திருந்த கலி வெளியேறினான், அவ்வளவுதான். அன்றைக்கு எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இப்போது, கதை கட்டியவன் விவரம் தெரிந்துதான் விட்டிருக்கிறான் என்று ஒரு நாள் தோன்றுகிறது. அவனுக்கே தெரியாது, நழுவிவிட்டான் என்று இன்னொரு நாள்.

வெட்டிவிட்டால் மருமகனிடம் கற்றுக்கொள்ள வருகிறவனுக்குச் சுத்தமான பாடம் கிடைக்கும். மூன்று காரணத்தையும் மனப்பாடம் செய்துகொண்டு போவான், அவற்றால் அவனுக்குப் பிரயோசனமும் உண்டு. விட்டுவைத்தால் அந்தச் சத்தத்தை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்? உச்சுக் கொட்டக் கற்றுக்கொள்வானா? மருமகனிடம் இதைச் சொன்னேன். “நீங்க கல்யாண வீடியோ எடுக்கறவரு மாமா, இவ்வளவு யோசிக்காதீங்க” என்றான். நியாயம்தான்.

இதெல்லாம் சீட்டோடு நின்றிருந்தால் நானும் விட்டிருப்பேன். ஏன் கிள்ளானை விட்டுச் செலாயாங்குக்கு வந்தீர்கள் என்று என்னை யார் கேட்டாலும், ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறதே, அதனால்தான் என்பேன். நாங்கள் குடிவந்தது 1991. செலாயாங் மருத்துவமனை திறந்தது 1999. இத்தனை வருடம் கேட்டவர்களும் இதைக் கணக்குப் பார்க்கவில்லை, சொன்ன நானும் பார்க்கவில்லை. மனைவியிடம் கேட்டேன். வீட்டைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, செருப்பைக்கூட மாட்டாமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தீர்களாம், அப்போதே தனக்குத் தெரிந்துவிட்டதாம். எனக்கு அப்படி நின்ற ஞாபகம் இல்லை. அவள் சொல்வதும் பிற்பாடு சேர்ந்ததாக இருக்கலாம். இல்லை, என் முதுகுக்குப் பின்னால் நின்று அவள் பார்த்ததாகவும் இருக்கலாம். எதை வைத்துத் தீர்ப்பது என்று பிடிபடவில்லை. போன வாரம் ஒரு கல்யாண வீட்டுக்காரர் அதே கேள்வியைக் கேட்டார். ஆஸ்பத்திரி பக்கத்தில் என்றுதான் சொன்னேன்.