சாயத்தண்ணியும் ஆட்டப்பலகையும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் திருப்பூர் வீடுகளில் அடிபடும் படிப்புகள் கொஞ்சம்தான். பி.காம்., இன்ஜினீயரிங், முதலிபாளையம் நிஃப்ட்-டீ கல்லூரியில் ஆடைப் படிப்பு. கோவைக்கு பஸ் ஏறி விஸ்காம் படிக்கப் போகிற பிள்ளைகளைக்கூட ஊர் இப்போது ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனால் சினிமா, டி.வி.யோடு கேம் டிசைனும் சேர்த்துப் படிக்கிறேன் என்று ஒரு பெண் சொன்னபோது அவளுடைய அப்பா கலங்கிவிட்டார். நிட்டிங் மெஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்கிறவர். "ஏனுங்க, படம் பாக்கறதைப் படிப்புன்னாங்க, செரின்னு உட்டம். இப்ப வெளையாடறதும் படிப்புங்களா?" என்று என்னிடம் கேட்டார்.

அவர் குரலில் கேலி இல்லை. கடன் வாங்கிப் படிக்கவைக்கப் போகிறவரின் கவலைதான் இருந்தது. வேலை கிடைக்குமா என்ற கேள்விக்கு ஏதாவது சொல்லிவிடலாம். அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ், கேமிங் துறைகளுக்கென்று ஒரு பணிக்குழு அமைப்பதாக மத்திய அரசு 2022 பட்ஜெட்டிலேயே அறிவித்தது. தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் பெங்களூரு வளாகத்தில் டிஜிட்டல் கேம் டிசைனுக்கு முதுகலைப் படிப்பே இருக்கிறது. ஆனால் என்னைப் பிடித்துக்கொண்ட கேள்வி வேறு. சினிமாவையும் கேம் டிசைனையும் ஒரே பிள்ளை சேர்த்துப் படித்தால், அந்தப் பிள்ளை உலகத்தைப் பார்க்கிற விதம் என்ன ஆகும்?

சினிமாவோடு வேறு துறைகள் ஒரே கூரையின் கீழ் வருவது புதிதில்லை. புனேயில் பிரபாத் ஸ்டுடியோ இருந்த இடத்தில் 1960இல் திரைப்படக் கல்லூரி தொடங்கியபோது அங்கே தொலைக்காட்சி கிடையாது. 1974இல்தான் டெல்லியிலிருந்து தொலைக்காட்சிப் பிரிவு வந்து சேர்ந்தது. அமெரிக்காவின் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1929 முதல் சினிமா சொல்லித்தருகிறார்கள். அதே சினிமாக் கல்லூரிக்குள் 2002இல் விளையாட்டுக்கும் ஒரு துறை வந்தது. அங்கே படித்தவர்களில் ஒருவர் ஜெனோவா சென். அவருடைய குழு 2012இல் வெளியிட்ட 'ஜர்னி' என்ற விளையாட்டு உருவான விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பரந்த மணல்வெளி. தூரத்தில் ஒரு மலை. அதை நோக்கி நீங்கள் நடக்கிறீர்கள். வழியில் உலகத்தின் ஏதோ ஒரு மூலையிலிருந்து விளையாடும் இன்னொருவர் எதிர்ப்படுகிறார். அவர் பெயர் உங்களுக்குத் தெரியாது, பேசவும் முடியாது. இருவரும் ஒருவருக்கொருவர் துணையாக வேண்டும் என்பதே செய்தவர்களின் ஆசை. அதற்காக முதலில், ஒருவர் உடல் மற்றவர்மீது பட்டால் தள்ள முடியும்படி வைத்தார்கள். தடுமாறுகிறவரை முட்டுக் கொடுத்து ஏற்றிவிடுவார்கள் என்ற நம்பிக்கை. விளையாடிப் பார்த்தவர்களோ கூட வந்தவரைப் பள்ளத்தில் தள்ளிவிட்டார்கள். மனிதர்களே இப்படித்தான் என்று சென் விட்டுவிடவில்லை. தள்ள முடிகிற வசதியை எடுத்தார். இருவர் நெருங்கினால் இருவர் கழுத்துத் துண்டிலும் பறக்கும் சக்தி ஊறும்படி மாற்றினார். அதன்பிறகு முன்பின் அறியாதவர்கள் ஒட்டி ஒட்டி நடந்தார்கள், பின்தங்கியவருக்காக நின்றார்கள்.

விளையாடியவர்கள் திடீரென்று நல்லவர்களாகிவிடவில்லை. அவர்கள் நின்ற களத்தின் விதிமுறை மாறியது, அவ்வளவுதான்.

சினிமா நமக்கு முகத்தைக் காட்டுகிறது. குளோசப் வந்த நாளிலிருந்து அதன் பெரும்பலம் அதுதான். கேம் டிசைன் அந்த முகத்தைச் சுற்றியிருக்கும் விதிமுறைகளைக் காட்டுகிறது. இவர் இப்படிச் செய்தால் என்ன கிடைக்கும், செய்யாவிட்டால் எதை இழப்பார், அவருக்கு எத்தனை வழிகள் திறந்திருக்கின்றன என்று கேட்கிறது. நம் ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலி, பதினைந்து ஆடு. ஆட்டால் புலியை வெட்ட முடியாது, சூழ்ந்து அடைக்க மட்டுமே முடியும். அந்த ஒரு விதிமுறையால் ஆட்டுக்காரர் பக்கத்துக் காயைப் பார்த்துப் பார்த்துதான் நகர்த்துவார். புலிக்காரர் பாய்கிற இடத்தைத் தேடுவார். பக்கம் மாறி உட்காருங்கள், உங்கள் குணமும் மாறிவிடும்.

இதைப் படிக்கத் திருப்பூரைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. எக்ஸ்போர்ட் கம்பெனிகளின் சாம்பிள் ரூமில் ஒரு டி-ஷர்ட்டை மேசைமேல் விரித்து டேப் வைத்து அளப்பார்கள். மார்பு, உயரம், கை நீளம் எல்லாம் பையர் கொடுத்த சார்ட்டோடு அச்சாகப் பொருந்தும். பிறகு ஒருவருக்குப் போட்டுவிட்டுக் கையைத் தூக்கச் சொல்வார்கள். அடிமடிப்பு வயிற்றுக்கு மேல் ஏறிவிடும், அக்குளில் இழுக்கும். பேட்டர்ன் மாஸ்டர் எதுவும் பேசாமல் சாக்பீஸால் கோடு போட்டு அக்குள் வளைவைத் திருத்த எடுத்துப் போவார். கேம் டிசைன் வகுப்பில் பிளே டெஸ்ட் என்று சொல்லித்தருவதும் இதுதான். செய்தவர் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். இன்னொருவர் உள்ளே புகுந்து கைகாலை அசைக்க வேண்டும். இயக்குநராக மட்டும் பயின்றவருக்கு இந்த மௌனம் மிகவும் கடினமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆனால் இந்த ஊரிலிருந்து எடுத்துக்கொள்ள இன்னும் பெரிய பாடம் நொய்யல் ஆற்றில் இருக்கிறது.

அந்த ஆற்றின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992இல் பாசனத்துக்காகக் கட்டி முடிக்கப்பட்டது. சில வருடங்களிலேயே அதில் தேங்கியது திருப்பூர்ப் பட்டறைகளின் சாயத்தண்ணி. கீழே இருந்த கிணறுகள் உப்பேறின. அணை நிறைய வேண்டும் என்று வேண்டிக்கொள்ள வேண்டிய விவசாயி, அந்தத் தண்ணீர் வயலுக்கு வந்துவிடக் கூடாதே என்று பயந்தார். இதை வைத்து ஒரு படம் எடுத்தால் அந்த விவசாயியின் முகத்திலிருந்து கேமராவை எடுக்க மனம் வராது. எடுக்கவும் கூடாது. ஆனால் முகத்தோடு நின்றுவிட்டால் நாம் அடுத்துத் தேடுவது ஒரு வில்லனை. ஏதோ ஒரு சாயப்பட்டறை முதலாளியைப் பிடித்து நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம்.

அந்த முதலாளியின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். பையர் விலையைக் குறைக்கிறார். எக்ஸ்போர்ட்டர் சாயக் கூலியைக் குறைக்கிறார். தண்ணீரைச் சுத்திகரித்தால் கிலோவுக்குச் செலவு ஏறும். அடுத்த பட்டறைக்காரர் அதைச் செய்யாமல் குறைந்த கூலிக்கு ஒப்புக்கொள்வார், ஆர்டர் அவரிடம் போகும். ஆற்றைக் கெடுக்க வேண்டும் என்று ஒருவர்கூட நினைத்திருக்க வேண்டியதில்லை. அப்படி யாரும் நினைக்காமலேயே ஆறு கெட்டுவிடும். கழிவுநீர் ஒரு சொட்டுகூட ஆற்றுக்குப் போகக் கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2006லேயே சொன்னது. களத்தில் ஆட்டம் மாறவில்லை. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் நின்றன, ஊரே நிலைகுலைந்தது, வேலை இழந்தவர்கள் சொந்த ஊருக்குத் திரும்பினார்கள். பிறகு அதே தொழில்காரர்கள்தான் கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்பச் சாயத்துக்கே பயன்படுத்தும் முறைக்கு வந்தார்கள். செலவு எல்லோருக்கும் பொதுவானபோது, சுத்திகரிக்கிறவர் மட்டும் தோற்கிற ஆட்டம் பெருமளவு முடிவுக்கு வந்தது.

இதனால் யாருக்கும் பொறுப்பில்லை என்று நான் சொல்லவில்லை. பொறுப்பு இன்னும் கூடுகிறது. நம்மைச் சுற்றியிருக்கும் விதிமுறைகளை இயற்கை என்று நினைத்து வாழ்கிறோம். பீஸ் ரேட், ஒன்றரை ஷிப்ட், ஷிப்மென்ட் தேதி எல்லாமே யாரோ ஒருவர் ஒருநாள் உட்கார்ந்து முடிவு செய்தவை. மனிதர் வகுத்ததை மனிதர் திருத்தி வகுக்கலாம் என்ற உணர்வு ஒரு விளையாட்டைக் கையால் செய்து, உடைத்து, மறுபடி செய்த பிள்ளைக்கு எளிதில் வரும். ஆனால் விதிமுறையை மட்டும் படித்தவருக்கு ஆறு ஒரு செலவுக் கணக்காகிவிடும். எதற்காகத் திருத்துகிறோம் என்பதை அந்த விவசாயியின் முகம்தான் சொல்லும்.

இரண்டும் கூடிய படைப்பு நம் தமிழ் வாழ்க்கையிலிருந்தே வந்திருக்கிறது. டொராண்டோவில் ஒரு சிறு குழு செய்து 2023இல் வெளியிட்ட 'வெண்பா', கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் அறிமுக விளையாட்டு விருது அதற்குக் கிடைத்தது. அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டு நைந்து, எழுத்து அழிந்திருக்கிறது. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாக் குழிக்கும் போகும் என்று விளையாடுகிறவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். ரேடியோவில் அந்தந்தக் காலத்துத் தமிழ் சினிமாப் பாட்டின் சாயலில் பாட்டு ஓடுகிறது. மகன் தள்ளித் தள்ளிப் போவதை சினிமா தெரிந்த கைதான் காட்டியிருக்கிறது. அந்த அம்மாவின் தடுமாற்றத்தை நம் விரல்களுக்கே கொடுத்தது விளையாட்டு.

நான் பாடத்திட்டம் வகுப்பதாக இருந்தால் முதல் பருவத்தில் ஒரு பனியன் கம்பெனியில் கைமடிக்கிற பெண்ணைப் பற்றி ஐந்து நிமிடப் படம் எடுக்கச் சொல்வேன். அடுத்த பருவத்தில் அதே கம்பெனியை அட்டையும் காய்களுமாக ஒரு பலகை விளையாட்டாகச் செய்ய வேண்டும். பையர், எக்ஸ்போர்ட்டர், டைலர், கைமடிப்பவர், சாயப்பட்டறைக்காரர் என்று ஆளுக்கொரு இடம். ஒரத்துப்பாளையத்து விவசாயிக்கும் ஓர் இடம். அதை டைலர்களையும் முதலாளிகளையும் இடம் மாற்றி உட்காரவைத்து விளையாடவிட வேண்டும். முதல் ஆட்டத்திலேயே ஒன்று தெரிந்துவிடும்: விவசாயியின் இடத்தில் இருப்பவருக்கு நகர்த்த ஒரு காயும் இருக்காது, மற்றவர்கள் ஆடி முடிக்கும்வரை அவர் பார்த்துக்கொண்டிருப்பார். டைலரின் கூலி குறையாமல் அந்த விவசாயிக்கும் ஒரு நகர்வைக் கண்டுபிடித்துத் தருவதுதான் அந்தப் பருவத்தின் தேர்வு.