ஐயமும் சிரத்தையும்

ஆங்கில இலக்கியத்தில் முதுகலை முடித்து ஆய்வேடு எழுதப் புகும் நம் மாணாக்கரின் இரண்டாம் அத்தியாயத்தைப் புரட்டினால், ஒவ்வொரு பத்தியும் ஓர் அறிஞர் பெயரோடு தொடங்கி, அவர் கூறியதை ஒப்புவித்துவிட்டு, அடுத்த அறிஞருக்கு வழிவிட்டு ஒதுங்குவதையும், அவர்களுள் ஒருவர் கூற்று மற்றொருவர் கூற்றுக்கு நேர் முரணாய் நிற்கும் இடத்திலுங்கூட எழுதுபவர் வாய் திறவாதிருப்பதையும் பலகாலும் காண்கிறோம். இதனைச் சோம்பல் என்று தள்ளிவிடுவது அநியாயம். பெரியோர் வாக்கை ஐயுறுவது அபசாரம் என்னும் உணர்ச்சியே பல பிள்ளைகளின் கையைப் பிடித்து நிறுத்துகிறது. ஆகவே இது வெறும் மொழிப்பயிற்சிக் குறையன்று, சிரத்தையும் விசாரணையும் ஓர் உள்ளத்தில் ஒருங்கே வாழுமா என்னும் தத்துவப் பிரச்னையுமாகும்.

விமரிசன சிந்தனை என்பது ஒரு சமூகத்தின் பழக்கத்தோடு பழக்கமாய் ஊறி வருவது, பிற பண்பாட்டு மாணவர்க்கு அதனைப் பாடமாக்கிப் புகட்டுமுன் எச்சரிக்கை வேண்டும் என்று டுவைட் அட்கின்சன் 1997-இல் ஆங்கில ஆசிரியர்களுக்கான ஆய்விதழ் ஒன்றில் எழுதினார். அவர் எச்சரிக்கையில் நன்மை உண்டு. ஆயினும் அதனைக் கொண்டு நம் மாணவர்க்கு இது அந்நியச் சரக்கு என்று முடிவுகட்டுவோர் நம் நூல்களையே மறந்தவராவர்.

நியாய சாத்திரம் பதினாறு பதார்த்தங்களை எண்ணுமிடத்துப் பிரமாணம், பிரமேயம் இரண்டுக்கும் அடுத்தபடியாகச் சம்சயத்தை, அதாவது ஐயத்தையே வைத்தது. நன்னூல், நூலாசிரியன் கொள்ளத்தக்க மதங்கள் ஏழென வகுத்து, உடன்படுதலை அடுத்து மறுத்தலையும், இருவர் மாறுபட்டவிடத்து ஒருபக்கம் துணிதலையும் அவற்றுள் சேர்த்தது. இவற்றினும் சிறந்த சான்று 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார். தம் சித்தாந்தத்தை நிலைநாட்டும் சுபக்கத்துக்கு முன்னே பரபக்கத்தை அமைத்து, உலகாயதன் முதலாகப் பதினான்கு மதத்தினரையும் ஒவ்வொருவராக நிறுத்தி, அவரவர் கொள்கையை முதலில் விரித்துரைத்து, அதன் பின்னரே அவர் மறுக்கத் தொடங்குகிறார். கண்ணால் காண்பதன்றி வேறு பிரமாணம் இல்லை, தெய்வமும் இல்லை என்பவனுக்கும் தன் வழக்கை எடுத்துரைக்க இடங்கொடுத்த அந்த ஆசிரியரின் சிவபக்தியில் குறை காண வல்லார் யார்?

பிறர் கொள்கையை, அவரே கேட்டாலும் ஒப்புமாறு எழுதிக் காட்டுவதற்கு, வென்றுவிட வேண்டும் என்னும் ஆசை சற்று நேரமேனும் அடங்கியிருக்க வேண்டும். மறுப்பதற்கோ, கற்றதைத் தன் அறிவில் இட்டு உரைத்துப் பார்க்கும் நேர்மை வேண்டும். இவ்வடக்கமும் இந்நேர்மையும் கூடிய நிலையையே நான் சிரத்தை என்பேன். ஓர் அறிஞரின் வாக்கியத்தை ஆராயாமல் எடுத்து ஒட்டிவைப்பது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது. அவர் சொல் நம் உள்ளத்தைத் தொடவேயில்லை என்பதற்கு அதுவே அடையாளம்.

நெறியாளர் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். தம்முள் முரண்படும் இரண்டு அறிஞரை மாணவர் முன் வைத்து, இருவர் பக்கத்தையும் குறைவற எழுதச் செய்து, பின்னர்த் தாம் சார்வது எப்பக்கம், எக்காரணத்தால் என்பதை ஒரு பக்கமேனும் எழுதித் தருமாறு கேளுங்கள். முதல் வரைவு தமிழில் வந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். அதில் மறுக்கப்படுவது உங்கள் சொந்தக் கருத்தேயாயினும், காரணம் காட்டியிருக்குமானால், அந்தப் பக்கத்தை அடித்துவிடாதீர்கள்.