தந்ததைக் குறைக்காமல்

“சாமி குடுத்த பல்லுல கை வைக்கலாமா டீச்சர்?” என்று என் மாணவி ஒருத்தியின் அப்பாயி கேட்டார். ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் சைவநெறி படிப்பிக்கிறேன். அவருக்குப் பதில் சொல்வது என் கடமை.

அந்தப் பிள்ளைக்கு மேல்வரிசையில் நடுப்பற்களின் இரு பக்கத்துப் பற்களும் கூம்பாகச் சிறுத்து முளைத்திருக்கின்றன. நூறு பேரில் ஒருவர் இருவருக்கு இப்படி அமைவதுண்டு. தேவாரம் பாடும்போதும் அவள் வாயைக் கையால் மறைத்துக்கொள்கிறாள்.

உடம்பை மாற்றுவதே பாவம் என்றால், பிள்ளைகளுக்குக் கோயிலில் வைத்துக் காது குத்துவோமா? மாற்றுவதற்காக எதை இழக்கிறோம் என்றுதான் பார்க்க வேண்டும்.

பல்லின் எனாமலை உண்டாக்கும் கலங்கள் பல் முளைத்ததும் அழிந்துவிடும். அராவி எடுத்த எனாமல் திரும்ப வளராது. உறை போடுவதென்றால் பல்லைச் சுற்றிலும் அராவ வேண்டும். கொம்போசிட் வைத்துக் கட்டும் சிகிச்சையில் பெரும்பாலும் அந்தத் தேவை வராது. பொஸ்போரிக் அமிலத்தால் பல்லின் மேற்பரப்பை இலேசாகச் சொரசொரப்பாக்கி, பல்லின் நிறத்திலுள்ள பசையைப் படைபடையாக வைத்து, நீல ஒளியில் இறுக்குகிறார்கள். அமிலம் பட்ட எனாமலில் பிசின் நன்றாகப் பிடிக்கும் என்று 1955இல் அமெரிக்கரான மைக்கேல் பூனோகோர் காட்டியதே இதற்கு அடிப்படை. கட்டியது சில வருடங்களில் தேயும், கறை பிடிக்கும், மறுபடி செய்துகொள்ளலாம். உள்ளே அவள் பல் ஏறக்குறைய அப்படியே இருக்கும். இறைவன் தந்ததை இப்படிக் காத்துக்கொண்டு செய்யும் திருத்தத்தில் நன்றிகேடு எதையும் நான் காணவில்லை.

அழகைத் தேடுவது பக்திக்கு ஆகாது என்பவர்கள் காரைக்கால் அம்மையாரைச் சொல்வார்கள். அம்மையார் தமக்கிருந்த அழகைத் தாமே வேண்டாமென்று பேய்வடிவம் கேட்டுப் பெற்றார். சிரிக்கக் கூசும் சிறுபிள்ளையிடம் அந்தத் துறவை நாம் எதிர்பார்ப்பது அநியாயம். அதே நியாயப்படி, இந்தப் பல்லே போதும் என்று அவள் சொன்னால், நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவர்களுக்காக அவளை வற்புறுத்தவும் கூடாது. கூம்புப் பல் நோயல்ல.

அப்பாயியிடம் சொன்னேன்: “மொதல்ல பிள்ளைகிட்டக் கேளுங்க. அவ விரும்பினா பேராதனைக்கு ரயில் ஏறுங்க. அங்க பல் மருத்துவ பீடத்து ஆஸ்பத்திரி இருக்கு. எவ்வளவு அழகா வரும்னு கேக்குறதுக்கு முந்தி, பிள்ளையோட பல்லுல எவ்வளவு அராவுவீங்கன்னு டொக்டர்கிட்டக் கேளுங்க.”