சிற்றிலைக் கலைக்காதீர்கள்



தெற்கு லண்டனில், மோர்டன் பக்கம் எங்கள் பிள்ளைகளின் சனிக்கிழமை எப்படிப் போகிறது என்பது உங்களுக்குத் தெரியும். விடிந்ததும் தமிழ்ப் பள்ளி. அது முடிய மிருதங்கம், இல்லாவிட்டால் பரதநாட்டியம். மத்தியானச் சாப்பாடு காருக்குள்ளேயே. பின்னேரம் டியூஷன். பக்கத்தில் சட்டன் இருக்கிறது, அங்கே கிராமர் பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் சேர, இயர் சிக்ஸ் தொடங்கும் செப்டெம்பரில் எழுத வேண்டிய சோதனைக்கு வெகு முன்னதாகவே வீட்டில் ஆயத்தம் தொடங்கிவிடுகிறது.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. வீட்டையும் வளவையும் விட்டுவிட்டு வந்த சனம் நாங்கள். கையோடு கொண்டுவர முடிந்தது படிப்பு ஒன்றுதான். இரவு வேலை முடித்து வந்து, கண்ணயராமல் பிள்ளையை வகுப்புக்குக் கூட்டிப் போகிற தகப்பனுக்கு யார் புத்தி சொல்ல முடியும்? ஆனாலும் ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. அந்த முழு நாளில், யாரும் சொல்லிக் கொடுக்காத ஒன்றைத் தானாக யோசித்து, தன் கையால் செய்து பார்க்கப் பிள்ளைக்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறது?

போன மாரியில் தெரிந்த ஒரு குடும்பத்தைப் பார்க்கப் போயிருந்தேன். பின்னேரம் நாலரை மணிக்கே வெளியே இருட்டு. புது வாஷிங் மெஷின் வந்த மட்டைப் பெட்டி வரவேற்பறை நடுவில் கிடந்தது. அந்த வீட்டு ஆறு வயது மகள் அதற்குள் இருந்தாள். பெட்டியின் பக்கவாட்டில் தடித்த கறுப்புப் பேனையால் நீளமாக ஒரு கோடு இழுத்திருந்தாள். லண்டன் பாதாள ரயிலின் நோதர்ன் லைன்! மோர்டன் பிள்ளைக்கு அது வேறு என்னவாக இருக்க முடியும்? 1926 இலிருந்து அந்தக் கறுப்புக் கோடு தெற்கே வந்து முடிகிற இடம் எங்கள் ஊர்தானே. தம்பியும் அம்மம்மாவும்தான் பயணிகள். பழைய சீட்டுக்கட்டில் இருந்து எடுத்த ஒரு சீட்டு அவனுடைய ஒய்ஸ்டர் கார்ட். அதைக் கதிரையில் வைத்து "பீப்" என்று அவனே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கேட் திறக்காது. சவுத் விம்பிள்டன், கொலியர்ஸ் வுட், டூட்டிங் பிராட்வே. டூட்டிங்கில் அம்மம்மா இறங்கி முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு திரும்பவும் ஏறினார். ஏறியதும் தம்பி எழும்பி இடம் விட வேண்டும், அது ரயில் சட்டம். அதன் பிறகு ஓர் அறிவிப்பு வந்தது: அடுத்த தரிப்பிடம் யாழ்ப்பாணம்.

அந்தப் பிள்ளை யாழ்ப்பாணத்தைக் கண்டதில்லை. பெரியவர்கள் கதைப்பதைக் கேட்டதுதான். கேட்டதையும் கண்டதையும் சேர்த்து, டூட்டிங்குக்கு அடுத்த ஸ்டேஷனாக அதைக் கொண்டுவந்து வைத்துவிட்டாள். கற்பனை என்று நாம் பெரிய பேர் சொல்லி அழைப்பது இதைத்தான். ஒழுங்கு, விலை, மரியாதை, பொறுத்திருத்தல், விட்டுக்கொடுத்தல் எல்லாம் அந்த ஒரு பெட்டிக்குள் நடந்தன. யாரும் வகுப்பு எடுக்கவில்லை.

அதே வீட்டு மூலையில் விலை கூடிய விளையாட்டுச் சாமான் ஒன்றும் கிடந்தது. பொத்தானை அமத்தினால் பாடும், ஒளிரும், இலக்கம் எண்ணும். எல்லா வேலையையும் அதுவே செய்துவிடுகிறது. பிள்ளைக்கு மிஞ்சுவது பொத்தானை அமத்துகிற வேலை மட்டும். அதனால்தான் அது மூலைக்குப் போய்விட்டது.

சைமன் நிக்கல்சன் என்று ஒரு பிரித்தானியர், சிற்பி பார்பரா ஹெப்வர்த்தின் மகன், 1971 இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஓர் இடத்தில் நகர்த்தவும் சேர்க்கவும் பிரிக்கவும் கூடிய பொருட்கள் எவ்வளவு இருக்கின்றனவோ, அந்த அளவுக்குத்தான் அங்கே புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க வழி இருக்கும் என்பது அவர் வாதம். அதற்கும் முன்னரே, 1943 இல், ஜேர்மன் படைகளின் பிடியில் இருந்த கோபன்ஹேகனில், எம்ட்ரப் என்ற இடத்தில் பலகைத் துண்டும் கழிவு மரமும் போட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு திடல் திறந்தார்கள். ஊஞ்சலும் சறுக்கு மரமும் இருக்கிற பூங்காவை விட்டுவிட்டு, கட்டடம் கட்டுகிற இடங்களிலேயே பிள்ளைகள் போய் விளையாடுகிறார்கள் என்பதைச் சோரன்சென் என்ற நிலவடிவமைப்பாளர் கவனித்திருந்தார். 1946 இல் அந்தத் திடலைப் போய்ப் பார்த்த மார்ஜரி அலன் என்ற பெண்மணி, அந்த யோசனையை லண்டனுக்குக் கொண்டுவந்தார். குண்டு விழுந்து வெறுமையாய்க் கிடந்த லண்டன் காணிகளில் பிள்ளைகள் ஆணி அடித்து, குடில் கட்டி விளையாடத் தொடங்கினார்கள்.

குண்டு விழுந்த நிலத்தில் பிள்ளைகள் விளையாடிய கதையை எங்கள் சனத்துக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. தொண்ணூறுகளின் போர்க்கால யாழ்ப்பாணத்தை நினைத்துப் பாருங்கள். மின்சாரம் இல்லை. பற்றரிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, கையால் பெடலைச் சுற்றி, டைனமோ தருகிற மின்சாரத்தில் ரேடியோ கேட்ட சனம் அது. ஜாம் போத்தலுக்குள் சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, திரி ஏற்றி, அந்த வெளிச்சத்தில் சோதனைக்குப் படித்தவர்கள் இப்போது இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அந்த யுக்தி எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்கவில்லை. சின்ன வயதில் பனங்காய் வண்டில் செய்த கையில் இருந்து வந்தது என்றுதான் நான் நம்புகிறேன். ஒரே அளவில் இரண்டு பனங்காய் தேட வேண்டும். ஒன்று சிறுத்தால் வண்டில் ஒரு பக்கமாக இழுக்கும். நடுவில் கோர்க்க ஒரு தடி, தள்ளிக்கொண்டு ஓட ஒரு கவர்த்தடி. கடையில் விற்காத சாமான் என்றபடியால், பிழைத்தால் திருத்தவும் எங்களுக்கே தெரிந்திருந்தது. பூவரசம் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதினோம். சிரட்டையில் மண்சோறு சமைத்தோம்.

எங்கள் இலக்கியம் இதைச் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. பிள்ளைத்தமிழில் பத்துப் பருவம் உண்டு. ஆண்பால் பிள்ளைத்தமிழில் கடைசி மூன்றும் விளையாட்டுத்தான்: சிற்றில், சிறுபறை, சிறுதேர். அதில் சிற்றில் பருவம் என்னை எப்போதும் தொடுவது. சிறுமிகள் மணலில் சின்ன வீடு கட்டுகிறார்கள். பாட்டுடைத் தலைவனான குழந்தை வந்து அதைக் காலால் கலைக்கப் பார்க்கிறான். கலைக்காதே என்று அவர்கள் கெஞ்சுகிறார்கள். பகழிக்கூத்தர் திருச்செந்தூர் முருகன்மேல் பாடிய பிள்ளைத்தமிழிலும் அந்தக் கெஞ்சல் இருக்கிறது. கலைக்க வருவது சூரனை வென்ற முருகன். அப்படியிருந்தும் மணல்வீட்டுக்காகச் சிறுமிகள் அவனிடம் மன்றாடுகிறார்கள். அவர்களுக்கு அது வீடுதான்.

இன்று அந்தச் சிற்றிலை யார் கலைக்கிறார்கள்? பெரும்பாலும் பெரியவர்களாகிய நாங்கள்தான். கதிரைகளுக்கு மேல் பழைய சேலையைப் போட்டுப் பிள்ளை கூடாரம் அடித்திருக்கும். யாரோ வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் இரண்டு நிமிடத்தில் இழுத்து மடித்துவிடுகிறோம். நீல யானை கீறினால், யானை நீலமாக இருக்குமா என்று கேட்கிறோம். அதைவிட ஒன்று புதிதாக வந்திருக்கிறது. பிள்ளை தன்னை மறந்து ஏதோ செய்துகொண்டிருக்கும்போது போனைத் தூக்கி, "இன்னொருக்கா செய்து காட்டுங்கோ, மாமிக்கு அனுப்ப வேணும்" என்கிறோம். அந்த நொடியோடு அது விளையாட்டு இல்லை, நிகழ்ச்சி ஆகிவிடுகிறது. பிள்ளையும் அதற்குப் பிறகு தனக்காகச் செய்வதை விட்டுவிட்டு, எங்களைப் பார்த்துப் பார்த்துச் செய்யத் தொடங்குகிறது. அன்பினால்தான் செய்கிறோம். ஆனால் நிறுத்த வேண்டிய பழக்கம்.

செய்ய வேண்டியது அதிகம் இல்லை. ஒரு பெரிய பையில் மட்டை, போத்தல் மூடி, நூற்கட்டை, துணித்துண்டு, முடிந்துபோன டிஷ்யூ உருளை எல்லாம் சேர்த்து வையுங்கள். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை வீட்டில் இருந்தால், வாய்க்குள் போகிற சின்னச் சாமான்களை அதில் போடாதீர்கள். கிழமையில் ஒரு பின்னேரம், ஒரு மணி நேரம், வகுப்பும் திரையும் இல்லாமல் விடுங்கள். "அம்மா, போரடிக்குது" என்று பிள்ளை வந்து நிற்கும். நிற்கட்டும். உடனே ஐபேட்டைக் கொடுக்காமல் கொஞ்ச நேரம் பொறுத்தால், பிள்ளை தானே அந்தப் பையைக் கிளறத் தொடங்கும். வெளியே போக முடிந்த நாளில் மோர்டன் ஹோல் பார்க்கில் வாண்டில் ஆற்றங்கரை இருக்கிறது. அங்கே தடியும் இலையும் காசில்லாமல் கிடைக்கும். சப்பாத்து ஊத்தையாகும். பரவாயில்லை.

உங்களைக் கூப்பிட்டால் மட்டும் விளையாட்டுக்குள் போங்கள். போனால் பிள்ளை சொல்கிற வேலையைச் செய்யுங்கள், முதலாளி பிள்ளைதான். இதில் எங்களுக்கு இன்னொரு பயனும் இருக்கிறது. வீட்டில் தமிழ் கதைக்கச் சொன்னால் வாய் திறக்காத பிள்ளை, அம்மம்மா சாமான் வாங்க வந்தவராக நின்று "கிலோ என்ன விலை, தம்பி?" என்று கேட்டால், விலையைத் தமிழில் சொல்லியே ஆக வேண்டும். பேரம் பேசினால் இன்னும் நாலு வசனம் வரும்.

ஆகவே இன்று காலை என் வேண்டுகோள் முக்கியமாக அம்மம்மாமாருக்கும் அப்பப்பாமாருக்கும்தான். பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள என்று இந்தக் குளிருக்குள் வந்து இருக்கிறீர்கள். வல்வெட்டித்துறைக் கடற்கரையில் தைப்பொங்கலுக்கு ஏறுகிற பட்டங்களைப் பார்த்து வளர்ந்தவர்களும் உங்களில் இருப்பீர்கள். எந்தத் தடியை எங்கே வளைப்பது, முச்சை எப்படிக் கட்டுவது, விண் எப்படிப் பூட்டினால் கூவும் என்பதெல்லாம் உங்கள் கைக்குத் தெரியும். அடுத்த அரைத்தவணை விடுமுறையில் மூங்கில் குச்சியும் கடதாசியும் பசையும் வாங்கிப் பேரப்பிள்ளையோடு நிலத்தில் இருந்து ஒரு பட்டம் கட்டுங்கள். ஒட்டுகிற வேலையைப் பிள்ளைக்கு விடுங்கள். கோணலாக ஒட்டினாலும் நீங்கள் திருத்த வேண்டாம்; ஏறாவிட்டால் ஏன் ஏறவில்லை என்று பிள்ளையே கேட்கும். அப்போது சொல்லிக் கொடுங்கள்.